லோகமும் உலகமும்

தமிழ்ப் பெருநூல்கள் பலவற்றின் வாயிலில் நின்று நம்மை எதிர்கொள்வது ‘உலகம்’ என்னும் சொல்லாகும். திருமுருகாற்றுப்படையின் முதற்சொல் அதுவே. சேக்கிழார் பெரியபுராணத்திற்கும், கம்பர் தம் இராமகாதைக்கும் அதனையே முதலில் நிறுத்தினர். திருவள்ளுவரோ தம் முதற் குறளை அச்சொல்லால் முடித்தார். இத்துணைச் சிறப்புடைய சொல் தமிழ்ச்சொல்லா, வடசொல்லா என்னும் வினா எழும்போது கற்பார் உள்ளம் சிறிது கலங்குதல் இயல்பே. சென்னைப் பல்கலைக் கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, இதனை ‘லோக’ என்னும் வடசொல்லினின்று வந்ததெனக் குறிக்கின்றது. தேவநேயப் பாவாணர் (1902–1981) முதலியோர் இதனை மறுத்து, உலவு, உலா முதலிய சொற்களோடு இதனை இணைத்து, வளைதல் அல்லது சுற்றுதல் என்னும் கருத்திற் பிறந்த தனித்தமிழ்ச் சொல் இஃது என்றனர்.

எம் வகுப்பிலும் இவ்வினா எழுந்தது. எழுந்த அளவிலே மாணவர் இரு கட்சியினராய்ப் பிரிந்தனர். ஒரு கட்சியார் பேரகராதியை விரித்து வைத்துக்கொண்டனர். மற்றவர் அதனைத் தொடவும் மறுத்தனர். இருதிறத்தாரும் ஒன்றை ஆராயாது விட்டனர் என்பது என் கருத்து. வடமொழியில் ‘லோக’ என்பது எப்பொருளிற் பிறந்தது, எவ்வழி நடந்தது என்பதே அஃது. அச்சொல் அம்மொழியிலேயே தொடக்கத்தில் ‘உலகம்’ என்று பொருள்பட்டதன்று. அவ்வரலாற்றை முன்னர்க் கண்டு, பின்னர்த் தமிழுக்கு வருவோம்.

வடமொழி வையாகரணர் இதனை ‘லோக்’ என்னும் தாதுவினின்று பிறப்பிப்பர். அத்தாதுவிற்குக் காணுதல் என்பது பொருள். காணப்படுவது எதுவோ அது லோகம் என்பது அவர் கூறும் காரணம். ‘லோசனம்’ என்று கண்ணுக்குப் பெயர் வந்ததும், ‘அவலோகனம்’ என்று பார்வைக்குப் பெயர் வந்ததும் இவ்வழியினவே. பௌத்தர் போற்றும் அவலோகிதீசுவரர் பெயரிலும் இதே தாது உள்ளது. அகத்தியனார் தமிழ் கேட்டது அவலோகிதனிடத்தில் என்று வீரசோழியத்தில் புத்தமித்திரனார் கூறுதலைத் தமிழ் மாணவர் அறிவர். காணப்படுவது லோகம் என்னும் விளக்கம் அழகியதுதான். ஆயினும் பழைய வழக்கை நோக்கின், இது பின்வந்தோர் செய்த விளக்கம் என்றே தோன்றுகின்றது.

இக்கால மொழிநூலார் ஒருபடி மேற்சென்று, ஒளிர்தல் என்னும் பொருளுடைய ‘ருச்’ என்னும் தாதுவோடு இதனை இணைப்பர். ருச் எங்கே, லோக் எங்கே என்று மலைக்க வேண்டுவதில்லை. வடமொழியில் ரகரமும் லகரமும் ஒன்றற்கொன்று மாறி நிற்றல் பெருவழக்கு. செந்நிறத்தைக் குறிக்கும் ரோகிதம் என்பதும் லோகிதம் என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். இருக்கு வேதத்தின் பழம்பகுதிகளில் ரகரமே மிகுதி. லகரம் பின்னரே பெருகியது. சகரம் ககரமாதலோ, ‘வச்’ என்னும் தாதுவினின்று ‘வாக்கு’ வந்தது போல்வதாகும். ஒளி என்னும் பொருளில் ‘ரோக’ என்னும் சொல்லும் அம்மொழியில் உண்டு. நாம் உணவிற்கு வழங்கும் ‘உருசி’யும் இத்தாதுவிற் பிறந்ததே, ஒளி, ஒளியினால் வரும் விருப்பம், விருப்பம் தரும் சுவை என்று அது நாவளவும் வந்து சேர்ந்தது. கிரேக்கர் வெண்ணிறத்திற்கு வழங்கிய ‘லெயுகோஸ்’, இலத்தீனில் ஒளியைக் குறிக்கும் ‘லூக்ஸ்’, ஆங்கிலத்தின் ‘லைட்’ ஆகியனவும் இக்குடும்பத்தினவே.

ஒளியைக் குறித்த வேர் உலகத்தைக் குறித்த சொல்லை எவ்வாறு ஈன்றது? இதற்கு விடை இந்தியாவில் மட்டும் தேடினாற் கிடைப்பதில்லை. உடன்பிறந்த மொழிகளை வினவவேண்டும். லித்துவேனிய மொழியில் ‘லௌகாஸ்’ என்றால் வயல் அல்லது திறந்த வெளி. பழைய ஆங்கிலத்தில் இதே வேரினின்று வந்த சொல், மரங்களை வெட்டித் திருத்திய நிலத்தையும், அத்தகைய காட்டிடத்துப் புல்வெளியையும் குறித்தது. அது தனிச்சொல்லாக இன்று அருகிப் போயினும், ஊர்ப்பெயர்களின் ஈற்றில் ‘லி’ என்று ஒட்டிக்கொண்டு உயிர்வாழ்கின்றது. ஸ்டான்லி என்பது கற்கள் உள்ள வெட்டவெளி. வெஸ்லி என்பது மேற்குத்திசை வெட்டவெளி. நம் நாட்டில் எத்தனையோ பள்ளிகளும் ஆலயங்களும் ஜான் வெஸ்லியின் (1703–1791) பெயரைத் தாங்கி நிற்கின்றன. அப்பெயரின் ஈற்றிலே வடமொழி லோகத்தின் உடன்பிறப்பு ஒன்று மறைந்துள்ளது என்பதை அறிந்தபோது யான் எய்திய மகிழ்ச்சி சிறிதன்று. 1815-இல் நெப்போலியன் தோல்வியுற்ற வாட்டர்லூவின் ‘லூ’வும் அதே உறவினதே. ஆகவே, அடர்ந்த இருண்ட காட்டில் மரங்களை அகற்றிய இடத்து வானொளி வந்து வீழும். அவ்வொளி வீழும் இடமே இவ்வேர் முதலிற் குறித்த இடம்.

இலத்தீன் மொழியில் இதன் உறவாகிய ‘லூக்குஸ்’ தெய்வத்திற்குரிய சோலையைக் குறித்தது. சோலை இருண்டது, ஒளியைக் குறிக்கும் சொல்லோ அதனோடு ஒத்து ஒலிக்கின்றது. இம்முரணைக் கண்ட உரோமப் புலவர் சிலர், ஒளிராமையாலேயே சோலைக்கு ஒளியின் பெயர் வந்ததென்று கூறினர். கி.பி. முதல் நூற்றாண்டின் நாவன்மை ஆசிரியராகிய குயின்டீலியன் இத்தகைய எதிர்மறைக் காரணங்களை ஒப்புக்கொள்வதோ என்று ஐயுற்று வினவினார். அதன்பின் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பியர் பொருந்தாச் சொல்லாராய்ச்சிக்கு இதனையே எடுத்துக்காட்டாக வைத்து நகைத்து வந்தனர். வியப்பென்னவெனில், அச்சொல் உண்மையாகவே ஒளியின் வேரினின்று வந்ததுதான்! முடிபு சரி, காட்டிய காரணமே பிழை. சோலை நடுவே திறந்த வெளி இருந்தமையை அவர்கள் மறந்துவிட்டனர். ஓசை ஒற்றுமையை மட்டும் பற்றிக்கொண்டு, சொல் வழங்கிய இடத்தை நோக்காதார்க்கு இஃது எந்நாட்டிலும் நேர்வதே.

இனி இருக்கு வேதத்திற்கு வருவோம். அங்கே ‘லோக’ என்பது பெரும்பாலும் தடையின்றி இயங்கத்தக்க வெளியையே குறிக்கின்றது. இந்திரன் விருத்திரனைத் தாக்கி வெளியை உண்டாக்கினான் என்று ஒரு பாடல் பேசும். உலகத்தைப் படைத்தான் என்பது ஆண்டுப் பொருளன்று. நெருக்குண்டு கிடந்த மக்கட்கு இடம் திறந்துவிட்டான் என்பதே பொருள். இறந்தோரைக் குறித்த பாடலில், தீயவற்றை விலகிப் போகுமாறு ஏவி, இவனுக்கென்று பிதிரர் இவ்விடத்தைச் செய்துள்ளனர் என்று கூறுமிடத்தும் ‘லோக’ என்னும் சொல்லே நிற்கின்றது. இயற்கையாய்க் கிடக்கும் பரப்பன்று அது. ஒருவர்க்காக மற்றொருவர் திறந்து வைத்த இடம். ஒல்லாந்து நாட்டு அறிஞராகிய யான் கோண்டா என்பார் 1966-இல் இவ்வொரு சொல்லைப் பற்றியே ஒரு தனி நூல் வெளியிட்டார். அந்நூலின் பெயரே ‘லோக’ என்பதாகும்.

இருக்கு வேதத்தில் இச்சொல்லின் முன்னே பலவிடங்களில் ஓர் உகரம் சேர்ந்து ‘உலோக’ என்று நிற்றலும் உண்டு. பதபாடம் செய்தோர் அதனை ‘உ’ என்னும் இடைச்சொல்லாகப் பிரித்தனர். அகன்ற என்று பொருள்படும் ‘உரு’ என்னும் சொல் லோகத்தோடு சேர்ந்து குறுகிய வடிவம் அஃதென்பது மேனாட்டார் பலர் கொள்கை. இதனைக் கண்டு நம் உலகத்தின் உகரமும் இதுவே என்று துள்ளுவார் இருத்தல் கூடும். அது வேண்டா. நம் உகரத்திற்குக் காரணம் நம் இலக்கணத்திலேயே உண்டு. சிறிது பின்னர்க் கூறுவேன்.

வெளியைக் குறித்த சொல், அவ்வவ்வுயிர் வாழ்தற்குரிய இடத்தைக் குறித்தது. மக்கட்கு ஒரு லோகம், பிதிரர்க்கு ஒரு லோகம், தேவர்க்கு ஒரு லோகம் என்று அது பெருகியது. பின்பு மூன்றாயின, புராணங்களில் பதினான்காயின. இடத்தின் பெயர் அங்கு வாழ்வார்மேற் செல்லுதல் எம்மொழியிலும் உண்டாகலின், லோகம் என்பது மக்களுக்கும் பெயராயிற்று. இந்தியில் மக்களை இன்று ‘லோக்’ என்று ககரம் மெலிய வழங்குதல் இதன் வழிவந்ததே. 1954-இல் நம் நாட்டுப் பாராளுமன்றத்தின் ஓர் அவைக்கு ‘லோக் சபா’ என்று இந்தியிற் பெயர் வைக்கப்பட்டது. அதனைத் தமிழில் ‘மக்களவை’ என்கின்றோம்; ‘உலக அவை’ என்று பெயர்த்திருப்பின் எத்துணை நகைப்பாகும்! பதஞ்சலியார் வேதச் சொல்லினின்று பிரித்துப் பொதுமக்கள் வழங்கும் சொல்லை ‘லௌகிகம்’ என்றார். நம்மவர் செய்யுள் வழக்கினின்று பிரித்து ‘உலக வழக்கு’ என்பதும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. தொல்காப்பியர் தம் கிளவியாக்கத்தில் உயர்திணைப் பொருளதாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களை எண்ணுங்கால் உலகத்தையும் அவற்றுள் வைத்தார். ஆண்டு அதற்கு மக்கட்டொகுதி என்றே உரைப்பர்.

பிறநாட்டார் இப்பொருளைக் குறிக்க எவ்வழி சென்றனர் என்பதையும் ஒருசிறிது காண்போம். கிரேக்கரின் ‘கோஸ்மோஸ்’ ஒழுங்கு, அணி என்று முதலிற் பொருள்பட்டது. ஆங்கிலத்தின் ‘வோர்ல்டு’ மனிதனது ஊழி என்று இரு பழஞ்சொற்கள் சேர்ந்தது. கிரேக்கர் ஒழுங்கையும், ஆங்கிலேயரின் முன்னோர் காலத்தையும் கண்டவிடத்து, வடமொழியாளர் திறந்த இடத்தைக் கண்டனர்.

நிற்க. தமிழிற்கு வருவோம். லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. ஆகவே லகரத்தை முதலாகக் கொண்ட வடசொற்கள் தமிழிற் புகும்போது இகரமேனும் உகரமேனும் முன்வைத்து எழுதப்படும் என்பது பவணந்தியார் விதி. இலாபம், உலோபம் என்பன உதாரணங்கள். நாம் முன்னர்க் கூறிய உகரம் இதுவே. இவ்விதிப்படி ‘லோக’ என்பது ‘உலோகம்’ ஆதல் வேண்டும். ‘உலகம்’ ஆயது எங்ஙனம் என்பது மறுப்போரின் முதல் வினா. நல்ல வினாவே. ‘உலோகம்’ என்று நாம் இன்று பெரும்பாலும் வழங்குவது பொன், செம்பு முதலியவற்றின் பொதுப்பெயராகும். அது ‘லோஹ’ என்னும் வேறு சொல்லின் திரிபு. செந்நிறப் பொருளாகிய செம்பிற்கு முதலிற் பெயராகி, பின்னர் இரும்பிற்கும் மற்றவற்றிற்கும் ஆனது. மேலே கூறிய லோகிதத்தின் உறவு.

வடசொற்கள் தமிழிற்கு ஒரே காலத்தில் வந்தவை அல்ல. ஏட்டின் வழியே பின்னாளில் வந்தவை தம் உருவை ஏறக்குறைய அவ்வாறே வைத்துக்கொண்டன. நாவின் வழியே தொன்னாளில் வந்தவை தேய்ந்து தமிழாயின. ‘ஸஹஸ்ர’ என்பது ‘ஆயிரம்’ என ஆயிற்று என்று மொழிநூலார் கூறும்போது, இரண்டிற்கும் இடையே எத்துணைத் தேய்வு! இனி, தமிழின் பழைய பகாப்பதங்களை எடுத்துப் பார்ப்பின், இடையசையில் ஒகர ஓகாரங்கள் வருதல் அரிது; அகர இகர உகரங்களே பெரும்பாலன. தொன்னாளில் ‘உலோக’ என்று வந்த சொல், அந்நாளைத் தமிழ் நாவிற்கேற்ப இடையிலுள்ள ஓகாரத்தை அகரமாகக் குறைத்துக்கொண்டது எனின் அதில் இழுக்கென்ன? உலோபமும் உலோகமும் பின்வந்தமையால் குறையாது நின்றன.

‘உலகு’ என்று அம் இன்றியும் வழங்குதலின், குன்று, குன்றம் என்பனபோல இது தமிழ்ச்சொல்லே என்பது அவர்தம் அடுத்த வாதம். வந்த சொற்களும் அம்முறையைப் பெறும். ‘சங்க’ என்னும் வடசொல் நம்மிடம் சங்கமும் சங்குமாயிற்று. ‘அம்ருத’ என்பது அமுதமும் அமுதுமாயிற்று.

வலிய வாதம் மூன்றாவதே. தொல்காப்பியத்திலும் சங்கச் செய்யுட்களிலும் இச்சொல் வேரூன்றி நிற்கின்றது; இத்துணைப் பழமையுடையது கடன் ஆகுமோ என்பர். இங்கேதான் லோகத்தின் முதற்பொருள் நமக்குக் கைகொடுக்கின்றது. தொல்காப்பியர் அகத்திணையியலில் நால்வகை நிலங்களையும் கூறும்போது, காட்டை ஓர் உலகம் என்றார். மலையை ஓர் உலகம் என்றார். நீர்வளம் உள்ள வயலையும், மணற் பரந்த கடற்கரையையும் தனித்தனி உலகம் என்றார். நான்கும் ஓர் உலகத்தின் பகுதிகள் என்னாது, ஒவ்வொன்றும் ஓர் உலகம் என்றதனை நோக்குக. ஒருவகை மக்கள் வாழ்தற்குரிய நிலப்பரப்பு என்னும் பொருளே அங்குள்ளது. வளைந்தது, சுற்றுவது என்னும் வேர்ப்பொருளை அந்நான்கினுள் எதற்கு ஏற்றுவது? மருத நிலம் சுழலுமா? வாழ்தற்குரிய திறந்த இடம் என்று கொண்டாலோ, சொல் வழுக்காமற் பொருந்துகின்றது. அதே சூத்திரத்தில் நெய்தல் நிலத்திற்கு வருணன் தெய்வமாக வைக்கப்பட்டிருத்தலையும் மறத்தலாகாது. இருக்கு வேதத்துத் தெய்வம் ஒன்று வந்து தங்கிய இடத்தில், இருக்கு வேதத்துச் சொல் ஒன்றும் தங்கியிருத்தல் இயலாததன்று. பழமை, இறவலை மறுப்பதாகாது. வந்த காலம் பழமையானது என்பதையே காட்டும்.

இன்னும் ஒரு சான்று. நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒரே சொல்லாகவே கருதினர் என்பதற்கு ‘உலகாயதம்’ என்னும் பெயர் போதும். வடமொழியில் அது லோகாயதம்; காட்சியொன்றையே அளவையாகக் கொள்ளும் மதம். சிவஞான சித்தியாரின் பரபக்கம் அம்மதத்தாரையே முதலில் எதிர்கொள்கின்றது. அருணந்தி சிவாசாரியார் காலத்திற்கு முன்னரோ பின்னரோ, ‘உலோகாயதம்’ என்றெழுத விதி இடங்கொடுத்தும், தமிழர் ‘உலகாயதம்’ என்பதையே பெருவழக்காக்கினர். லோகம் என்று கேட்ட செவி உலகம் என்று உணர்ந்தது.

ஆகவே, உலகம் தொன்னாளில் வந்து தமிழான சொல் என்னும் பக்கமே என் மனம் சாய்கின்றது. வகுப்பில் இதனைக் கூறியபோது, வள்ளுவரைக் குறைவுபடுத்துகின்றாய் என்று நண்பர் ஒருவர் சினந்தார். அக்குறளிலேயே ஆதி, பகவன் என்னும் சொற்களும் நிற்கின்றன. அவற்றால் குறள் தமிழல்லாததாயிற்று என்று இதுகாறும் ஒருவரும் கூறக் கேட்டிலேன். வடசொல்லையும் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியரே எண்ணினார். நண்பர் இன்னும் உடன்படவில்லை. அவர் தம் கட்சியை எழுதின், அதனை அடுத்த ஆண்டு இம்மலரிற் படிக்க விரும்புவோருள் யானே முதல்வன்.

கிறிஸ்தவராகிய எம்மனோர் நாடோறும் கையாளும் நூலிலும் இச்சொல்லின் இரு வயதுகளும் அருகருகே காணப்படுகின்றன. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில், வானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கடவுளின் இருப்பிடம் என்னும் பொருளில் வருமிடத்துப் ‘பரலோகம்’ என்றனர். ‘கோஸ்மோஸ்’ என்பதைப் பெரும்பாலும் ‘உலகம்’ என்றனர். லோகமும் உலகமும் ஒன்றே என்று அறியாதார், மேலுள்ளது வேறு பெயர், கீழுள்ளது வேறு பெயர் என்றே ஓதிச் செல்வர். ஏட்டின் வழி வந்த இளைய வடிவம் விண்ணுக்கு ஆயிற்று. நாவின் வழி வந்து தேய்ந்த மூத்த வடிவம் மண்ணுக்கு ஆயிற்று. மொழிபெயர்த்தோர் இதனை எண்ணிச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. வழக்கு அவ்வாறு அமைந்து கிடந்தது.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் பதினான்காம் அதிகாரத்தில், சீஷர்க்காக ஓர் இடத்தை ஆயத்தம் பண்ணப் போவதாக இயேசு கூறுகின்றார். அங்குள்ள கிரேக்கச் சொல் இடத்தைக் குறிக்கும் பொதுச்சொல். தமிழில் அதனை ‘ஸ்தலம்’ என்று பெயர்த்துள்ளனர். ஒருவர்க்காக மற்றொருவர் முன்சென்று திறந்து வைக்கும் இடம் என்பதே இருக்கு வேதத்தில் ‘லோக’ என்பதற்கு இருந்த பொருளாகலின், அவ்விடத்தில் ‘லோகம்’ என்று எழுதியிருப்பினும் பழம்பொருளிற் பிழையிராது. இன்று படிப்போர்க்குத்தான் விளங்காது.